தப்பைச் சொல்ல முடிந்த இடம்

கண்ணு,

திங்கட்கிழமை நீ அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொறுப்பு டாக்டராகப் போகிறாய். உன் அப்பா அதைத் தெருவில் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்குப் போனில் நீ சொன்ன ஒரு பேச்சு எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. “என் ஸ்டாஃப்ல யாராச்சும் ஒரு பொய் சொன்னாக்கூட விடமாட்டேன்மா. நல்லவங்க நாலு பேர் இருந்தா போதும், மத்தவங்களை மாத்திடலாம்” என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோர்வை தப்பிவிடும். அதனால் எழுதுகிறேன். நல்லவர்களை வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். பிறகு ஒரே ஆள் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரியும் இன்னோர் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரியும் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஆள் உனக்கும் தெரிந்தவள்தான், வசந்தா அத்தை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரைப் போட்டே எழுதுங்க அக்கா, யார் வேணா படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். அதனால் உன் ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கு நீ இதைப் படித்துக் காட்டினாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்த வசந்தா அத்தை பிரசவ வார்டில் வலியோடு வருகிறவர்களைக்கூடச் சிரிக்க வைக்கிறவள். அவள் அரூர் அரசு ஆஸ்பத்திரியில் என்னோடு வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் தர்மபுரி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அதை நடத்திய பெரிய டாக்டர் கெட்டிக்காரர் என்று அவளே சொல்வாள். ஓசூரிலிருந்தும் கர்நாடகப் பக்கத்திலிருந்தும் அவர் கையால் ஆபரேஷன் செய்துகொள்ள ஆட்கள் வருவார்களாம். ராப்பகலாக உழைப்பார். ஏழைகளை விரட்ட மாட்டார். ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று யாராவது போய்ச் சொன்னால், சொன்ன ஆளை அங்கேயே, நோயாளிகளுக்கு முன்னாலேயே நிற்க வைத்துக் கிழித்துவிடுவார். மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது என்று தானாகப் போய்ச் சொன்ன ஒரு நர்ஸை, ஒவ்வொரு கட்டில் முன்னாலும் நிறுத்தி, ‘நான் வேலைக்கு லாயக்கில்லாதவள்’ என்று சொல்ல வைத்தாராம். அதற்கப்புறம் அங்கே யாரும் எதையும் போய்ச் சொல்லவில்லை. அவர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்று தெரிந்தால், பார்க்காத பிரஷரைப் பார்த்ததாக எழுதி வைப்பார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நோயாளிக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் தங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுக்கிறவர்கள். வசந்தா சேர்ந்த முதல் வாரமே ஒரு சீனியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “இங்க தப்புப் பண்ணலாம் வசந்தா. பண்ணேன்னு மட்டும் சொல்லக் கூடாது.”

அங்கே ஒரு சமயம் ஆண்கள் வார்டில் மாதையன் என்ற பெயரில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளி. இன்னொருவர் அதியமான்கோட்டையில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. ஒருநாள் காலையில் வசந்தா இன்சுலின் ஊசியோடு போய் “மாதையன்!” என்று கூப்பிட்டிருக்கிறாள். ஆட்டோக்காரர் கையை நீட்டியிருக்கிறார். போட்டுவிட்டாள். ஊசியை எறிந்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்துக் கட்டில்காரர், “எனக்கு இன்னும் போடலீங்களே” என்றாராம். சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசந்தா யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினாள். காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். வேறு வேலைக்குப் போகாமல் மதியம் வரை அவர் பக்கத்திலேயே நின்றாள். “என்னம்மா, இன்னிக்கிக் காபி பாயாசமாட்டம் இருக்குது” என்று அவர் சிரித்தாராம். வீட்டிலிருந்து வந்த மனைவியிடம், “இந்தப் பொண்ணு தங்கச்சியாட்டம் பாத்துக்குது” என்று வேறு சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பார்த்துப் போடுங்கள் என்று அடுத்த டியூட்டிக்கு வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘எப்படித் தெரிஞ்சது உனக்கு?’ என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து அதையும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து தேவி என்ற புதுப் பெண்ணுக்கு அதே டியூட்டி. அதே காலை வேளை, அதே பெயர். அன்றைக்கு ஆபரேஷன் வேறு இருந்ததால் வார்டில் தேவி ஒருத்திதான். ஊசி போட்டுவிட்டுப் போனவள், வெகுநேரம் கழித்து வந்தபோதுதான் தனக்கு ஊசி போடவில்லையே என்று சர்க்கரைக்காரர் கேட்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆட்டோக்காரர் வேர்வையில் நனைந்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தார். தேவி நேராக ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடி, “சார், நான் ஆள் மாத்திப் போட்டுட்டேனுங்க சார்” என்று சொல்லிவிட்டாள். டாக்டர் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். உயிர் தங்கியது. ஆனால் மனுஷர் பழையபடி இல்லை. பேச்சு குழறியது, கை நடுங்கியது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. எலும்பு முறிந்த இடத்திலிருந்து ஏதோ அடைப்பு மூளைக்குப் போய்விட்டது, யாரும் எதிர்பார்க்காதது என்று டாக்டர் அவருடைய மனைவியிடம் சொன்னார். தேவியை அறைக்குள் கூப்பிட்டு, வாயைத் திறக்காதே, வேலையாவது மிஞ்சும் என்றார். தேவி வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். டவுனில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவளை எடுக்கவில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொன்னால் போதாதா?

தேவி பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனதை மருந்து அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றதாக வசந்தா என்னிடம் சொன்னாள். மற்ற நர்ஸுகளும் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னவள் போனாள், சொல்லாதவள் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கப்புறம் நேர்மையைப் பற்றி யார் வகுப்பு எடுத்திருந்தாலும் அவர்கள் காதில் ஏறியிருக்காது.

பிறகு வசந்தாவுக்கு அரசு வேலை கிடைத்து எங்கள் பிரசவ வார்டுக்கு வந்தாள். அப்போது எங்களுக்கு இன்சார்ஜ் மெஹருன்னிசா சிஸ்டர். தர்மபுரியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். குரல் கொஞ்சம் கரகரப்பு, அதிகம் சிரிக்க மாட்டார். டியூட்டி மாற்றும்போது எல்லோரையும் நிற்க வைத்து, ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பதற்கு முன்னால், அன்றைக்குத் தான் செய்த தப்பைச் சொல்வார். எங்களுக்குப் பழகிவிட்டது. வசந்தாவுக்குப் புதிது.

“இன்னிக்கி நான் என்ன பண்ணேன்னா, மூணாவது கட்டில் பொண்ணுக்கு ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பறதுக்கு மறந்துட்டேன். மதியம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க யாராச்சும் ஏதாவது பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. போற வழியில யோசிச்சிட்டுப் போவாதீங்க” என்றார்.

வசந்தா என் காதோரம், “இது நம்ம வாயக் கிளறுறதுக்காங்க அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பல மாதம் நம்பவில்லை. அவள் முறை வரும்போது “ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்பாள். மெஹருன்னிசா சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். வற்புறுத்த மாட்டார். வசந்தா முதல்முதலாகச் சொன்னது சின்ன விஷயம். ஒரு குழந்தையின் எடையை அட்டையில் தப்பாக எழுதிவிட்டாள். சொல்லிவிட்டு அடி வாங்கப் போகிறவள் மாதிரி நின்றாள். “சரி, மாத்தி எழுதிட்டியா? அந்த எடை மெஷின் கிட்ட வெளிச்சமே இல்ல, லைட் போடச் சொல்லணும்” என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வசந்தா பஸ் ஸ்டாண்டில் அழுதாள். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சித்தேரி மலையிலிருந்து ராஜேஸ்வரி என்று ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கூடவே புருஷன் வேடியப்பனும் அவன் அண்ணனும். வலி சரியாக வராததால் டாக்டர் வலி வருவதற்கான மருந்தைப் பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக விடச் சொல்லியிருந்தார். பக்கத்திலேயே சாதாரணக் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றும் தொங்கியது. அந்தப் பெண் சோர்ந்து போயிருக்கிறாள் என்று குளுக்கோஸை வேகமாக விடப் போன வசந்தா, மருந்து கலந்த பாட்டிலைத் திறந்துவிட்டாள். ராஜேஸ்வரி அலறியதும் வசந்தா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வயிறு கல் மாதிரி இறுகி, விடவே இல்லை. குழந்தையின் துடிப்பு விழுந்துகொண்டிருந்தது.

நான் எதிர்க் கட்டிலில் இருந்தேன். இப்படி ஒரு குழந்தை போய்விட்டால் யாருக்கும் காரணம் தெரியாது கண்ணு. பாட்டிலை மறுபடி மெதுவாக்கிவிட்டு நின்றால் போதும். தலைப்பிரசவம், தூரத்து ஊர், தாமதமாக வந்தார்கள் என்று நாங்களே சொல்லிவிடுவோம். வசந்தா குழாயை அடைத்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். “சிஸ்டர்! பாட்டில் மாத்தித் தொறந்துட்டேன்! மருந்துப் பாட்டில்! கொழந்தைக்கித் துடிப்பு எறங்குது!”

மெஹருன்னிசா சிஸ்டர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பொண்ண எடப்பக்கம் திருப்பு. ஆக்சிஜன்.” என்னிடம், “நீ டாக்டரக் கூப்பிடு. வசந்தா, எவ்ளோ போயிருக்கும்? உள்ளத உள்ளபடி சொல்லு” என்றார். அவள் சொன்னாள். என்ன நடந்தது என்று தெரிந்ததால் டாக்டருக்குத் தேட வேண்டிய வேலை இல்லை. வயிற்றை இளக்குகிற ஊசியைப் போட்டுவிட்டு, தேவைப்படலாம் என்று தியேட்டரைத் தயாராக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு மேலே வந்தது. ஆனாலும் டாக்டர் காத்திருக்க விரும்பவில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார். பெண் குழந்தை. பிறந்ததும் லேசாக முனகியது, பிறகு தியேட்டருக்கு வெளியே கேட்கும்படி அழுதது.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயமே வந்தது. மெஹருன்னிசா சிஸ்டர் வசந்தாவைப் பார்த்து, “வா, அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துரலாம்” என்றார். டாக்டர்கூட, “இப்பவே சொல்லணுமா சிஸ்டர்?” என்றார். “நாளைக்கிச் சொன்னா அது வேற பேச்சா ஆயிரும் சார்” என்று சிஸ்டர் நடந்தார். டாக்டரும் பின்னாலேயே போனார். வேடியப்பனிடம் வசந்தாவே சொன்னாள். அவன் அண்ணன் எகிறிக்கொண்டு வந்தான். “மலக்காரங்கன்னா உங்களுக்கு அவ்ளோ எளக்காரமா? செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?” என்று கத்தினான். சிஸ்டர், “செத்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்போம். நீங்க புகார் எழுதுங்க, யாருக்கு எழுதணும்னு நானே சொல்றேன்” என்றார். வேடியப்பன், “கொழந்த நல்லா இருக்குதுங்களா? எங்கூட்டுக்காரி?” என்று மட்டும் கேட்டான். இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் புகார் எழுதினான். விசாரணை நடந்தது. வசந்தாவுக்கு மெமோ வந்தது. இரண்டு பாட்டிலையும் அடையாளம் இல்லாமல் ஒரே கம்பியில் தொங்கவிட்டது வார்டுப் பழக்கம், அதற்குத் தான்தான் பொறுப்பு என்று மெஹருன்னிசா சிஸ்டர் எழுதிக் கொடுத்தார். அவருக்கும் மெமோ வந்தது. ஓய்வு பெறப் போகிற வயதில் அவருக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மருந்து கலந்த பாட்டிலில் சிவப்புத் தாள் ஒட்டித் தனிக் கம்பியில்தான் மாட்டினோம். எங்கள் வார்டில் மறுபடி அந்தத் தப்பு நடக்கவில்லை. தண்டனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்த ஒருவரை அதே சிஸ்டர்தான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார், மேலிடத்துக்கும் எழுதினார். கை தவறியவரையும் அக்கறை இல்லாதவரையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் வந்த இன்சார்ஜ் கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். நீ பொய்யை விடமாட்டேன் என்ற மாதிரியே, ஒரு தப்பையும் விடமாட்டேன் என்றார். டியூட்டி மாற்றும்போது தப்பைச் சொல்கிற வழக்கத்தை நேரம் வீணாகிறது என்று நிறுத்தினார். அதே கட்டில்கள், அதே நர்ஸுகள், அதே டாக்டர்கள். மழைக்காலம் வருவதற்குள் வார்டில் ஒரு தப்பும் இல்லை. அதாவது, சொல்லப்படவில்லை. வசந்தாகூட ஒருநாள் ஏதோ சொல்ல வந்து, “விடுங்க அக்கா, இப்ப யாருகிட்டச் சொல்றது?” என்று போய்விட்டாள். கத்தின அதே வசந்தா. அன்றைக்குத்தான், நல்லவர் கெட்டவர் என்று நாம் ஆட்களைப் பிரிப்பதில் பாதி அவர்கள் வேலை செய்கிற இடத்தின் கணக்கு என்று எனக்கு உறைத்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இது ராஜேஸ்வரி குழந்தையோடு வீடு போன சில நாளுக்குள் நடந்தது. மாதையன் கதையை வசந்தா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு, “தேவியப் பாக்கணும் அக்கா, கூட வர்றீங்களா?” என்றாள். விசாரித்ததில் அவள் நல்லம்பள்ளியில் இருப்பது தெரிந்தது. போனோம். சின்னக் கடை, இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க நைட்டி தொங்கியது. தேவி வசந்தாவை அடையாளம் கண்டு ஸ்டூல் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். வசந்தா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தனக்கும் அதே மாதிரி நடந்ததை, ஆட்டோக்காரருக்குக் காபியில் சர்க்கரை போட்டுக் கொடுத்ததை, யாரிடமும் சொல்லாமல் விட்டதை.

தேவி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். “எனக்கு முந்தியே நடந்துச்சுங்களா?” என்றாள். வசந்தா தலையை ஆட்டினாள். தேவி கையிலிருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள்.

“இத்தன வருசமா நான் ஒருத்திதான் கவனமில்லாதவன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க அக்கா” என்றாள். “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அந்தாளு இன்னிக்கி வண்டி ஓட்டிட்டிருப்பாரு.”

தேவி திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. யாரோ ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தார்கள், எழுந்து போய் அளவு எடுத்தாள். நாங்கள் கிளம்பும்போது மட்டும் கடை வாசல் வரை வந்து, “உங்க வார்டுல இப்ப யாராச்சும் இப்படிப் பண்ணிட்டா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

“சொல்லிருவாங்க. மொதல்ல நோயாளியப் பாப்போம். அப்புறம் எப்படி ஆச்சுன்னு பாப்போம்” என்றாள் வசந்தா.

தேவி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் அங்க வேலை பாத்திருந்திருக்கணும்” என்றாள்.

கண்ணு, நீ கெட்டிக்காரன், உழைப்பாளி, கை சுத்தமானவன். அந்தப் பெரிய டாக்டரும் கெட்டிக்காரர், உழைப்பாளி. உன் ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்ஸுகளும் மருந்தாளுநரும் லேப் பையனும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. எப்படிப்பட்டவர்களாக ஆவார்கள் என்பதில் உனக்கும் பங்கு உண்டு. ஒருநாள் ஒருவர் உன் அறைக்கு வந்து, “சார், நான் ஒண்ணு பண்ணிட்டேன்” என்பார். ஓடிப்போய் நோயாளியைப் பார். திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவரை உட்காரச் சொல். வெளியே இருக்கிறவர்கள் அத்தனை பேரும் உன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அம்மா